இந்த நூற்றாண்டு நாடகங்கள்: உரக்க வாசிக்கவும் மேடையேற்றவும் எவற்றைப் பரிந்துரைப்பீர்கள்?

தாமிரபரணிக்காரி

வணக்கம். திருநெல்வேலியில் மாதம் ஒருமுறை கூடும் சிறிய வாசிப்புக் குழு எங்களுடையது. ஆசிரியைகள், ஒரு வங்கி ஊழியர், கல்லூரி மாணவிகள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். இதுவரை சிறுகதையும் நாவலும்தான் பேசியிருக்கிறோம். இனி நாடகங்களை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாத்திரமாக உரக்க வாசிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மனசுக்குப் பிடித்துப்போனால் ஒன்றை மேடையேற்றவும் ஆசை.

ஷேக்ஸ்பியர், இப்சன், செகாவ் எல்லாம் நூலகத்திலேயே கிடைக்கிறார்கள். நாங்கள் தேடுவது இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களை. 2000-க்குப் பிறகு எழுதப்பட்டதாக இருந்தால் நல்லது. அரங்க அமைப்புக்குப் பணம் கிடையாது. ஏழெட்டுப் பேருக்கு மேல் நடிக்க ஆள் இல்லை, அதிலும் பெண்கள்தான் அதிகம். ஆங்கிலப் பிரதியானாலும் பரவாயில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்காகத் தமிழில் எழுதிக்கொள்வோம்.

வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டாம். ஏன் அந்த நாடகம், வாசிக்கும்போது எங்கே இடறும், எத்தனை பேர் வேண்டும் என்று சேர்த்துச் சொன்னால் பெரிய உதவி.

மூன்றாம் மணி

சகோதரி, யோசிக்காமல் அனுபமா சந்திரசேகரிலிருந்து தொடங்குங்கள். சென்னையில் இருந்துகொண்டு எழுதுகிறவர். இலண்டன் மேடைகள் அவரைக் கொண்டாடிய அளவுக்கு நம் ஊரில் பேசப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

‘ஃப்ரீ அவுட்கோயிங்’ 2007-இல் இலண்டனின் ராயல் கோர்ட் அரங்கில் முதலில் நடந்தது. களம் சென்னை அடுக்குமாடி வீடு. பதினைந்து வயது தீபா, நன்றாகப் படிக்கிற பெண். வகுப்பறையில் ஒரு பையனோடு அவள் இருந்த காட்சி செல்பேசியில் பதிவாகி ஊரெல்லாம் பரவிவிடுகிறது. கணவனை இழந்த அம்மா மாலினி முதலில் நம்ப மறுக்கிறாள். பிறகு பள்ளிக்கூடம், அக்கம்பக்கத்து வீட்டார், தொலைக்காட்சிக்காரர்கள் என்று ஒவ்வொருவராக அந்த வீட்டை நெருக்குகிறார்கள். அண்ணன் படிப்பும் சேர்ந்து ஆடிப்போகிறது.

நாடகத்தின் பலமே தீபா ஒரு காட்சியிலும் மேடைக்கு வராததுதான். எல்லோரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவளுக்காக முடிவெடுக்கிறார்கள். அவள் உள்ளறையில் இருக்கிறாள், நாம் கடைசிவரை பார்ப்பதே இல்லை. உரக்க வாசிக்கிற குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடைக்காது. அந்த இடத்தில் ஒரு காலி நாற்காலியைப் போட்டுவிட்டு வாசித்துப் பாருங்கள்.

நாடகம் எழுதப்பட்டபோது வாட்ஸாப் கிடையாது. எம்எம்எஸ் காலம். ஆனாலும் தொழில்நுட்பம் பழசாகிவிட்டதே தவிர, குடியிருப்போர் சங்கத்தின் குரல் அப்படியேதான் இருக்கிறது.

அவருடைய ‘டிஸ்கனெக்ட்’ 2010-இல் வந்தது. அமெரிக்கர்களின் கடன் அட்டை பாக்கியைச் சென்னையிலிருந்து தொலைபேசியில் வசூலிக்கும் கால் சென்டர் இளைஞர்கள் பற்றியது. இரவு வேலை, மாற்றிக்கொண்ட பெயர், இரவல் உச்சரிப்பு. மாணவிகளுக்கு இது பிடிக்கும். 2019-இல் வந்த ‘வென் த க்ரோஸ் விசிட்’ இன்னும் கடுமையானது. இப்சனின் ‘பேய்கள்’ நாடகத்தை அடியொற்றி, வன்முறை செய்த மகனைக் காப்பாற்ற நினைக்கும் வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேசுவது. பாட்டி, அம்மா, மகன் என்று மூன்று தலைமுறை. பெண் பாத்திரங்கள் வேண்டும் என்றீர்களே, அவர்கள் யாரும் வெறும் பாதிக்கப்பட்டவர்களாக இல்லை என்பதுதான் இதில் நெஞ்சைக் கலக்குவது. இதை முதல் மாதத்திலேயே எடுக்காதீர்கள். குழு ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசப் பழகிய பிறகு எடுங்கள்.

பின்வரிசை

மூன்றாம் மணி சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் போக முடியவில்லை. இந்த நாடகங்கள் முதலில் இலண்டன் பார்வையாளர் முன்னால் நடந்தவை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சென்னை. தமிழ்க் குழு ஒன்று நாடகம் வாசிக்கத் தொடங்கும்போது முதல் பெயரே ஆங்கிலத்தில் எழுதுகிறவராக இருக்க வேண்டுமா? ந. முத்துசாமி, இந்திரா பார்த்தசாரதி, கே.ஏ. குணசேகரன், இன்குலாப் என்று ஒரு வரிசையே இருக்கிறதே. இன்றும் பிரளயன் எழுதுகிறார், முருகபூபதி எழுதுகிறார். அவர்களை விட்டுவிட்டு எங்கே போகிறோம்?

மூன்றாம் மணி

நியாயமான கேள்வி. என் பதில் இது: மாலினியின் வீட்டு வாசலில் வந்து நிற்கும் கூட்டம் தமிழ்க் கூட்டம். அவர்கள் பேசுவதைத் தமிழில் திருப்பி எழுதினால், பல இடங்களில் ஆங்கிலத்தைவிட நன்றாகப் பொருந்தும். பிரதியே நம் வீட்டுக்குத் திரும்பி வர ஆசைப்படுவது போல எனக்குப் படும். அதைத் தமிழில் எழுதிப் பார்க்கும் வேலையே அந்தக் குழுவுக்குப் பெரிய பயிற்சி.

தமிழ் நாடகாசிரியர்களைப் பற்றி நீங்களே விரிவாக எழுதுங்களேன். பெயர் சொன்னால் போதாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

பனங்கூடல்

நான் சிட்னியில இருக்கிறன். தங்கச்சி கேட்ட அளவுக்குள்ள இது அடங்காது, எண்டாலும் சொல்லாமல் விட மனமில்லை.

எஸ். ஷக்திதரன் எழுதின ‘கவுண்ட்டிங் அண்ட் க்ராக்கிங்’. 2019 தை மாதம் சிட்னி டவுன் ஹோலில பெல்வார் நாடகக் குழு போட்டது. ஏமன் ஃப்ளாக் நெறியாள்கை. மூண்டு மணித்தியாலத்துக்கு மேல ஓடும். பதினாறு நடிகர், அவையள் ஐம்பது பாத்திரம் மட்டில செய்வினம்.

கதை 2004-இல சிட்னியில தொடங்குது. ராதா எண்ட தாய், சித்தார்த்தன் எண்ட மகன். ராதாவின்ர தாயின்ர சாம்பலை ஆத்தில கரைக்கினம். பிறகு கொழும்பில இருந்து ஒரு தொலைபேசி வருது. 83 கலவரத்தோட செத்துப் போட்டார் எண்டு ராதா நம்பியிருந்த புருசன் உயிரோட இருக்கிறார். அங்கயிருந்து கதை பின்னால போகுது, 1956 தனிச் சிங்களச் சட்டக் காலம் வரைக்கும். ராதாவின்ர பேரனார் கொழும்பில பெரிய அரசியல்வாதி, கணிதம் படிச்ச மனுசன். ஷக்திதரன்ர சொந்தப் பூட்டனார் சி. சுந்தரலிங்கத்தின்ர சாயல் அது.

எனக்குப் பிடிச்சது மொழியைக் கையாண்ட விதம். மேடையில ஒருத்தர் தமிழில கதைப்பார், பக்கத்தில நிக்கிற இன்னொரு நடிகர் அதை ஆங்கிலத்தில சொல்லுவார். சிங்களத்துக்கும் அப்பிடித்தான். எழுத்துப் பலகை இல்லை, திரை இல்லை. எங்கட சனம் தமிழ் வசனத்துக்கே சிரிச்சிடும், வெள்ளைக்காரர் ஒரு நொடி பிந்திச் சிரிப்பினம். ஒரு பெரிய ஆங்கில மேடையில நாங்கள் முந்திக்கொண்டு சிரிச்சது அண்டைக்குத்தான்.

அந்த வருசம் ஹெல்ப்மன் விருதுகளில சிறந்த நாடகம் உட்படக் கன விருது எடுத்தது. 2020-இல விக்டோரியா இலக்கியப் பரிசும் கிடைச்சது. பிறகு எடின்பரோவுக்கும் நியூயோர்க்குக்கும் போனது. 2022-இல ஷக்திதரனும் ஃப்ளாக்கும் சேர்ந்து ‘த ஜங்கிள் அண்ட் த ஸீ’ எண்டு இன்னொண்டு போட்டவை. மகாபாரதத்தையும் அன்டிகனி எண்ட கிரேக்க நாடகத்தையும் ஈழப்போரோட பிணைச்ச நாடகம்.

நீங்கள் ஏழெட்டுப் பேர் எண்டாலும் வாசிக்கலாம் தங்கச்சி. ஆளுக்கு நாலைஞ்சு பாத்திரம் வரும், அந்த நாடகமே அப்பிடித்தான் கட்டியிருக்கு. ஒரே இருப்பில வேண்டாம், இரண்டு கூட்டமாப் பிரியுங்கோ.

ஒப்பனை அறை

கல்லூரி மாணவர்களை வைத்து நாடகம் போடுகிறவன் என்ற முறையில் சில யோசனைகள்.

ஆள் குறைவு, பணம் இல்லை என்றால் முதலில் நினைவுக்கு வருவது டங்கன் மக்மில்லனின் ‘எவ்ரி ப்ரில்லியன்ட் திங்’. 2013-இல் இங்கிலாந்தில் தொடங்கிய நாடகம். ஒரே ஒரு நடிகர். ஏழு வயதில் அம்மா தற்கொலைக்கு முயன்றதும், அவளுக்காக வாழத் தகுந்த விஷயங்களைக் குழந்தை ஒரு பட்டியலாக எழுதத் தொடங்குகிறது. முதல் வரி ஐஸ்கிரீம். வயது ஏற ஏறப் பட்டியலும் வளர்கிறது. நாடகம் தொடங்கும் முன்பே பார்வையாளர் கையில் துண்டுச் சீட்டுகள் கொடுக்கப்படும். நடிகர் எண்ணைச் சொல்ல, சீட்டு வைத்திருப்பவர் எழுந்து வாசிக்க வேண்டும். அப்பாவாக, ஆசிரியையாக, கால்நடை மருத்துவராகப் பார்வையாளரே மாறுவார்கள். மேடையே வேண்டாம், வட்டமாக உட்கார்ந்தால் போதும்.

இதைத் தமிழில் எழுதும்போது பட்டியலை அப்படியே மாற்றாதீர்கள். குழுவில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள். தபால்காரர் என்ன சொல்வார் என்று கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தற்கொலையைப் பற்றிய நாடகம் இது. கேட்பவர்களில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. தொடங்கும் முன்பே பொருளைச் சொல்லிவிடுங்கள், முடிந்ததும் உடனே கலையாமல் தேநீரோடு கொஞ்ச நேரம் இருங்கள். தமிழக அரசின் 104 உதவி எண்ணை அறையில் எழுதி வையுங்கள். எங்கள் கல்லூரியில் செய்தபோது பேச விரும்பியவர்கள் பலர் நாடகம் முடிந்த பிறகே வந்தார்கள்.

அடுத்தது, ஈரானியரான நசீம் சுலைமான்பூரின் ‘ஒயிட் ராபிட் ரெட் ராபிட்’. 2011-இல் வெளியுலகுக்கு வந்தது. கட்டாய ராணுவப் பணியை மறுத்ததால் அவருக்குக் கடவுச்சீட்டு கிடைக்கவில்லை; அவர் நாட்டைவிட்டுப் போக முடியாத காலத்தில் பிரதி மட்டும் ஊர் ஊராகப் போனது. ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வேறொரு நடிகர். உறையைப் பிரித்து அங்கேயே முதல்முறையாக வாசிப்பார். இதற்கு மேல் கதையைச் சொன்னால் அந்த நாடகத்துக்குச் செய்யும் துரோகம். யாரிடமும் கேட்காமல், தேடிப் படிக்காமல், குழுவில் ஒருவரிடம் மட்டும் பொறுப்பைக் கொடுத்து ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்காரி

எல்லோருக்கும் நன்றி. பனங்கூடல் அண்ணா, இரண்டு கூட்டமாகப் பிரிக்கும் யோசனை நன்றாக இருக்கிறது. ஒப்பனை அறை சார், அந்தப் பட்டியல் நாடகத்தைப் பற்றிக் குழுவில் சொன்னதுமே ஆளாளுக்கு வரி எழுதி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். ‘மழை வந்ததும் கொடித் துணியை எடுக்க ஓடும்போது எதிர்வீட்டு அக்காவும் ஓடி வருவது’ என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள்.

எல்லோரும் சேர்ந்து பேசும் நாடகம், அதாவது நாலைந்து பேர் ஒரே அறைக்குள் இருப்பது மாதிரி ஏதாவது உண்டா?

மூன்றாம் மணி

இருக்கிறது. சனாஸ் தூசியின் ‘இங்கிலிஷ்’. 2022-இல் நியூயார்க்கில் மேடையேறி, 2023-இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஐந்தே பாத்திரங்கள், அவற்றில் நால்வர் பெண்கள். 2008, ஈரானின் கரஜ் நகரம், டோஃபல் தேர்வுக்கு ஆங்கிலம் கற்கும் ஒரு வகுப்பறை. மார்ஜான் டீச்சர் வகுப்பில் பாரசீகம் பேசக் கூடாது என்று விதி போடுகிறாள். கனடாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்ப் பேத்தியோடு பேச வேண்டும் என்று வரும் ரோயா, ஆஸ்திரேலியாவில் மருத்துவம் படிக்கத் துடிக்கும் எல்ஹாம், பதினெட்டு வயது கோலி. பிறகு சந்தேகப்படும் அளவுக்கு நன்றாக ஆங்கிலம் பேசும் ஓமித்.

பிரதி முழுக்க ஆங்கிலம்தான். ஆனால் பாத்திரங்கள் பாரசீகம் பேசுவதாக வரும் இடங்களில் தங்குதடையின்றிப் பேசுவார்கள். ஆங்கிலம் பேசும் இடங்களில் தடுமாறுவார்கள். எல்ஹாம் தன் மொழியில் கூர்மையும் கோபமுமாக வெட்டிப் பேசுகிறவள், ஆங்கிலத்துக்கு மாறியதும் சின்னப் பிள்ளை போல ஆகிவிடுகிறாள். நீங்கள் செய்தால் முதலாவதைத் தமிழிலும் இரண்டாவதை அரைகுறை ஆங்கிலத்திலும் வாசித்துவிடலாம். தமிழ்வழியில் படித்துவிட்டு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போன யாரும் இதை ஈரானியக் கதையாகக் கேட்க மாட்டார்கள்.

ஒரே ஒரு கவலை. அரைகுறை ஆங்கிலத்தைச் சிரிப்புக்காக வாசித்தால் நாடகம் செத்துவிடும். ரோயா தன் மகனுக்குத் தொலைபேசியில் செய்தி விடும் இடங்களை நிதானமாக வாசியுங்கள்.

கோடை விழா

எல்லோரும் வெளிநாடு, பரிசோதனை என்றே பேசுகிறீர்கள். சென்னை சபாக்களில் இன்றைக்கும் புது நாடகம் எழுதப்படுகிறது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவில் ஒவ்வோர் ஆண்டும் புதிய பிரதிகள் மேடையேறுகின்றன. மாலை ஏழு மணிக்கு மண்டபத்தில் உட்கார்ந்து தமிழ் நாடகம் பார்க்கிற ஒரு கூட்டத்தை விடாமல் காப்பாற்றி வைத்திருப்பது சபாதான். கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980-இல் இதே சபா மேடையில்தான் வந்தது. அத்திப்பட்டு மக்கள் குடிநீருக்குப் படும் பாட்டைச் சபா ஏற்றுக்கொண்டதே. நகைச்சுவைத் துணுக்குத் தோரணம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள்.

பின்வரிசை

கோடை விழா சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். வசனத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த நடிகர்கள் சபாவில் இருக்கிறார்கள், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கேள்வி பிரதியைப் பற்றியது. கோடை விழாவில் சென்ற ஆண்டு போட்ட நாடகத்தை நெல்லையில் இருப்பவர் எப்படி வாசிப்பார்? புத்தகமாக வந்ததா? பெரும்பாலும் இல்லை. குழுவின் மடிக்கணினியில் கிடக்கும்.

நவீன நாடகத்திலும் இதே நோய்தான். ‘நாடகவெளி’ என்ற இதழை வெளி ரங்கராஜன் நடத்தியபோது நாடகப் பிரதிகள் அதில் வந்தன. அந்த மாதிரி ஓர் இடம் இன்றைக்குத் தொடர்ந்து இல்லை. கவிதை எழுதுகிறவருக்குப் பத்து இதழ், நாடகம் எழுதுகிறவருக்கு ஒத்திகை அறை மட்டும். அனுபமாவின் நாடகங்கள் நம் கைக்கு வருவதற்குக் காரணம், ராயல் கோர்ட்டில் அரங்கேறும்போதே நிக் ஹெர்ன் புக்ஸ் அதைப் புத்தகமாகவும் போட்டுவிடுகிறது. மூன்றாம் மணி கேட்ட விரிவான பதில் இதுதான்: தமிழில் நாடகம் எழுதப்படுகிறது, பிரதியாக ஊர் தாண்டுவதில்லை. அதைப் பரிந்துரைக்க வேண்டுமென்றால் நாடகத்தைச் சொன்னால் மட்டும் போதாது, எங்கே கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரளயனுடைய ‘பாரி படுகளம்’, ‘வஞ்சியர் காண்டம்’, ‘உபகதை’ மூன்றையும் தேடுங்கள். சங்கப் பாடலிலிருந்தும் சிலம்பிலிருந்தும் பாரதத்திலிருந்தும் எடுத்து இன்றைய அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் எழுத்து. சென்னைக் கலைக்குழுவோடு பல பத்தாண்டுகளாக வீதியிலும் மேடையிலும் இயங்குகிறவர் என்பதால் வசனம் காதுக்கு எழுதப்பட்டிருக்கும். பாரி படுகளத்துக்கு ஆள் நிறைய வேண்டும், மேடையேற்ற உங்களால் முடியாது. வாசிக்க முடியும், கோரஸ் இடங்களில் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள்.

இன்குலாபின் ‘ஔவை’ உங்கள் ஆண்டு வரம்புக்குச் சற்று முந்தியது, அவரும் 2016-இல் மறைந்துவிட்டார். இருந்தாலும் பெண்கள் அதிகமுள்ள குழு அதைத் தவிர்க்கக் கூடாது என்று அடித்துச் சொல்வேன். கோலூன்றிய கிழவியை ஓரமாக வைத்துவிட்டு, கள்ளுண்டு, யாழோடு ஊர் சுற்றி, மன்னனோடு சமமாகப் பேசிய இளம் பாண்மகளை அவர் கொண்டுவந்தார். அ. மங்கை அதை மேடையேற்றினார்.

ஒப்பனை அறை

முருகபூபதியைப் பற்றி நான் சொல்கிறேன். கோவில்பட்டியை மையமாகக் கொண்ட அவருடைய நாடகக் குழு மணல்மகுடி நாடகநிலம் உங்களுக்குப் பக்கத்து ஊர்தான். ‘செம்மூதாய்’, ‘வனத்தாதி’, ‘கூந்தல் நகரம்’, ‘மிருகவிதூஷகம்’, ‘குகைமரவாசிகள்’ எல்லாம் அவருடைய நாடகங்கள். பழைய நாடகப் பாடலாசிரியர் மதுரகவி பாஸ்கரதாஸின் பேரன்.

ஆனால் அவற்றை உங்கள் அறையில் உட்கார்ந்து வாசித்தால் முழுதாகக் கிடைக்காது. மணல், விலங்குமுகம், இசைக்கருவி, நடிகரின் மூச்சு எல்லாம் சேர்ந்துதான் அந்த மொழி. வசனம் ஒரு கூறு மட்டுமே. தரத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் பார்த்தவற்றிலேயே என் மாணவர்களை அதிகமாக மாற்றியவை அவருடைய நிகழ்வுகள்தாம். குழுவாகப் போய்ப் பார்க்க வேண்டிய நாடகங்கள் அவை. எங்கே நடந்தாலும் ஒரு வேன் பிடித்துப் போங்கள்.

இன்னொரு எதிர்முனையைச் சொல்கிறேன். ஆனி பேக்கரின் ‘தி ஃப்ளிக்’. 2013-இல் மேடையேறி, 2014-இல் புலிட்சர் பெற்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு பழைய ஒற்றைத் திரையரங்கு. காட்சி முடிந்ததும் இருக்கைகளுக்கு இடையே சிந்திய பாப்கார்னைப் பெருக்கும் சாம், ஏவரி. படச்சுருள் ஓட்டும் ரோஸ். 35 மில்லிமீட்டர் புரொஜெக்டர் போய் டிஜிட்டல் வரப்போகிறது. அவ்வளவுதான் கதை, மூன்று மணி நேரம். பெருக்குவதை உண்மையாகவே பெருக்கிக் காட்டுவார்கள். நியூயார்க்கில் பார்வையாளர் பலர் இடைவேளையில் எழுந்து போய்விட, அரங்க இயக்குநர் சந்தாதாரர்களுக்கு ஏன் இந்த நாடகத்தை நடத்துகிறோம் என்று கடிதமே எழுத வேண்டியிருந்தது.

நம் ஊரில் எத்தனை ஒற்றைத் திரையரங்குகள் திருமண மண்டபமாகின. ஆபரேட்டர் அறையில் வாழ்க்கை கழித்தவர்களின் கதையை யாரும் நாடகமாக எழுதவில்லை. இதைப் படித்துவிட்டு நெல்லையில் ஒருவர் எழுதத் தொடங்கினால் அதைவிட எனக்கு மகிழ்ச்சி இல்லை.

பின்வரிசை

‘தி ஃப்ளிக்’ உரக்க வாசிப்புக்கு ஒத்துவராது. பாதி நாடகம் மௌனம். வசனத்தை மட்டும் வாசித்தால் ஒரு மணி நேரத்தில் வெறும் அரட்டையாக முடிந்துபோகும்.

ஒப்பனை அறை

மேடைக் குறிப்புகளை வாசிக்க ஒருவரைத் தனியாக வையுங்கள். எந்த நாடகம் வாசித்தாலும் இது வேண்டும். ‘மௌனம்’ என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு ஓடாமல், உண்மையாகவே நிறுத்த வேண்டும். குழுவிலேயே பொறுமையான ஆள் யாரோ அவருக்குத்தான் இந்தப் பொறுப்பு. முதல் சந்திப்பில் கூச்சமாக இருக்கும், பிறகு மௌனத்துக்காகவே காத்திருக்கத் தொடங்குவார்கள்.

பனங்கூடல்

குழந்தை ம. சண்முகலிங்கம் ஐயாவை ஒருத்தரும் சொல்லேல்லை. 2025 தை மாதம் காலமானவர். யாழ்ப்பாணத்தில 1978-இல நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கி, ஒரு தலைமுறைக்கே நாடகம் சொல்லிக் குடுத்த மனுசன். ‘மண் சுமந்த மேனியர்’ 1985. ‘எந்தையும் தாயும்’ எண்டது பிள்ளையள் எல்லாம் வெளிநாடு போக, ஊரில தனிச்சுப்போன வயதான தாய் தேப்பன்மாரைப் பற்றினது. புது நாடகம் இல்லைத்தான். ஆனால் இண்டைக்குத் திருநெல்வேலியிலயும் அப்பிடி வீடுகள் இருக்குந்தானே தங்கச்சி. உங்கட தபால்காரர் ஐயா வாசிக்க நல்ல பாத்திரம் கிடைக்கும். ஈழத்து நாடகப் பிரதியள் கனக்க ‘நூலகம்’ எண்ட இணையத்தளத்தில இலவசமா இருக்கு, தேடிப்பாருங்கோ.

தாமிரபரணிக்காரி

‘எந்தையும் தாயும்’ கட்டாயம் சேர்க்கிறோம் அண்ணா, ஆண்டு வரம்பைத் தளர்த்திக்கொள்ளலாம்.

ஒரு சந்தேகம். ஆங்கில நாடகத்தைத் தமிழில் எழுதிக் குழுவுக்குள் வாசிக்கவும் பிறகு மேடையேற்றவும் அனுமதி வாங்க வேண்டுமா? நுழைவுக் கட்டணம் வாங்கப் போவதில்லை.

கறுப்புக்கோட்டு

வழக்கறிஞராகச் சொல்கிறேன், உங்கள் விவரம் முழுதும் தெரியாமல் இது பொதுவான விளக்கம் மட்டுமே.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் சில விலக்குகள் உள்ளன. பயில்முறை மன்றமோ சங்கமோ, கட்டணம் செலுத்தாத பார்வையாளர் முன்னால் நாடகத்தை நிகழ்த்துவது மீறலாகாது. கல்வி நிறுவனத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, பார்வையாளர்களும் அதே ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் ஆகியோர் மட்டுமாக இருந்தால் அதற்கும் விலக்கு உண்டு.

ஆனால் இந்த விலக்குகள் நிகழ்த்துவதற்கானவை. மொழிபெயர்க்கும் உரிமை தனி உரிமை, அது ஆசிரியரிடம் இருக்கிறது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். நாலு சுவருக்குள் உங்கள் புரிதலுக்காக எழுதிப் படிப்பதை யாரும் தேடி வரப்போவதில்லை. மேடை, சுவரொட்டி, யூடியூப் பதிவு என்று வந்துவிட்டால் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். நிக் ஹெர்ன் புக்ஸ் போன்ற பதிப்பகங்கள் பயில்முறைக் குழுக்களுக்கான அனுமதியைத் தாங்களே கையாள்கின்றன. புத்தகத்தின் முன்பக்கத்தில் யாருக்கு எழுத வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். எங்கே, எத்தனை காட்சி, எத்தனை இருக்கை, கட்டணம் உண்டா, எந்த மொழி என்று ஐந்து விவரமும் முதல் கடிதத்திலேயே இருந்தால் பதில் விரைவாக வரும்.

இன்னொன்று. நாடகப் பிரதியைக் காவல் நிலையத்தில் கொடுத்து முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்று உங்களை யாராவது பயமுறுத்தலாம். 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் தணிக்கைப் பிரிவுகளை எதிர்த்துப் ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவின் ஞாநி வழக்குத் தொடுத்து, அவை அரசியலமைப்புக்கு முரணானவை என்று 2013-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றார். நாடகக்காரர்கள் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஒலிபெருக்கி, மண்டபம், பொது இடம் ஆகியவற்றுக்கான அனுமதி வேறு. அவற்றை வழக்கம்போல வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மணி

கறுப்புக்கோட்டு ஐயாவுக்கு நன்றி. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சூசி மில்லரின் ‘பிரைமா ஃபேஸி’. 2019-இல் சிட்னியில் வந்தது, 2022-இல் இலண்டனில் ஜோடி கோமர் நடித்துப் பெரும் வரவேற்புப் பெற்றது. பாலியல் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடி வெல்லும் பெண் வழக்கறிஞர், தானே புகார்தாரராகச் சாட்சிக் கூண்டில் ஏறுகிறாள். ஒற்றை நடிகை. உங்கள் மாணவிகளில் நல்ல குரல் உள்ளவர் பாதியையும் ஆசிரியை ஒருவர் மீதியையும் வாசிக்கலாம்.

தாமிரபரணிக்காரி

குழுவில் பேசி முடிவு செய்துவிட்டோம். முதல் கூட்டம் ‘எந்தையும் தாயும்’. தமிழிலேயே இருப்பதால் உடனே தொடங்கலாம். இரண்டாவது ‘ஃப்ரீ அவுட்கோயிங்’. புத்தகத்துக்குச் சொல்லியாயிற்று, முதல் காட்சியைத் தமிழில் எழுத இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். ‘இங்கிலிஷ்’ அதற்கு அடுத்தது. மேடைக் குறிப்பு வாசிக்கும் பொறுப்பைத் தபால்காரர் மாமா தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார், ஆகவே பனங்கூடல் அண்ணா சொன்ன பாத்திரத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும்.

பிரளயனின் பிரதிகள் திருநெல்வேலியிலோ மதுரையிலோ எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பின்வரிசை

மதுரையில் தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) தோழர்களைக் கேட்டுப் பாருங்கள், பாரதி புத்தகாலயத்தின் கிளையிலும் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் இங்கேயே சொல்லுங்கள், என்னிடம் இருப்பதைத் தபாலில் அனுப்பி வைக்கிறேன். வாசித்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் போதும்.